துவக்குப் பாதுகாப்பு சொல்லிக் கொடுக்க வன்னியில் எந்த வழியால் போவது?

போன மாதம் மல்லாவியில் இருந்து சின்னம்மாவின் மகன் வந்திருந்தான். உயர்தரம் முடித்து, கொஞ்சநாள் ஹாட்வெயார் கடையில் நின்று, இப்போது தகப்பனுடைய வயலைப் பார்க்கிறான். தமையன் கனடாவில், ஸ்காபரோவில். துவக்கு லைசன் எடுக்கிறவர்களுக்கான பாதுகாப்பு வகுப்பில் தேறிவிட்டாராம், இனி அதையே படிப்பிக்கிற ஆளாக வரப் போகிறாராம். வீடியோவெல்லாம் அனுப்பியிருக்கிறார். “அக்கா, இதை நான் இங்க தொடங்கினால் என்ன? பன்றிக் காவலுக்கு எங்கட பக்கம் எத்தனை துவக்கு இருக்கு, ஒருத்தருக்கும் ஒழுங்காப் பிடிக்கத் தெரியாது” என்றான்.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் தமையன் ஏறுகிற ஏணி இங்கே இல்லை. கனடாவில் லைசன் வேண்டுமென்றால் முதலில் பாதுகாப்பு வகுப்புக்குப் போயே ஆக வேண்டும். எழுத்துப் பரீட்சை ஒன்று, கையில் வைத்துச் செய்து காட்டுகிற பரீட்சை ஒன்று, இரண்டிலும் 80 புள்ளி எடுக்க வேண்டும். படிப்பிக்கிறவரை அந்த மாகாணத்துக்கான தலைமைத் துவக்கு அதிகாரி ஏற்றுக்கொள்ள வேண்டும். அதனால் மாணவன் தானாக வருவான், காசும் கட்டுவான். இங்கே இலங்கையில் அடிப்படைச் சட்டம் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பி என்கிறது. துவக்கை வடிவாகப் பிடிக்கத் தெரியுமா என்று பரீட்சை வைக்கிறதில்லை. பரீட்சை இல்லாத இடத்தில் வாத்தியாருக்கு என்ன வேலை?

இருந்தாலும் வேலை இருக்கிறது. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். ஏழு வருடம் மிதிவெடி அபாயக் கல்விக் குழுவில் நின்றவள் நான். பிறகு கமக்காரர் கூட்டங்களில் துவக்கைப் பற்றியும் பேசிப் பார்த்தேன். அந்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்த நாலு வழியையும் அவனுக்கு விரித்துச் சொன்னேன்: வெடிபொருள் அபாயக் கல்வி, கமக்காரருக்கான துவக்குப் பாதுகாப்பு, விளையாட்டுச் சூடு, தனியார் காவல் நிறுவனப் பயிற்சி. நாலும் ஒரே எடை இல்லை. ஆகவே இங்கேயும் ஒரே அளவாக எழுதப் போவதில்லை.

மிதிவெடி அபாயக் கல்வி

துவக்கைப் பற்றிக் கேட்டவனுக்கு மிதிவெடியைச் சொல்கிறேனே என்று அவனும் முகம் சுளித்தான். வன்னியில் ஆயுதப் பாதுகாப்பு என்ற பேச்சு கையில் இருக்கிற துவக்கில் தொடங்குவதில்லை, மண்ணுக்குள் கிடக்கிறதில் தொடங்குகிறது. போர் முடிந்தது 2009 மே மாதம். நிலம் இன்னும் முழுதாக முடிந்தபாடில்லை.

வழி என்ற அளவில் இதுதான் ஆக ஒழுங்கானது. நாலு வழியிலும் எழுதி வைத்த தரம், பயிற்சி, மேற்பார்வை, மாதச் சம்பளம் எல்லாம் சேர்ந்து இருப்பது இங்கேதான். மிதிவெடி அகற்றுகிற வெளிநாட்டு அமைப்புகளான ஹலோ டிரஸ்ட், மாக் இரண்டும் 2002 இலிருந்து இலங்கையில் இருக்கின்றன. உள்ளூர் அமைப்புகளாக டாஷ், ஷார்ப் இருக்கின்றன. எல்லாருக்கும் மேலே 2010 இல் அமைத்த தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையம். எப்படிப் படிப்பிக்க வேண்டும் என்பதற்கு சர்வதேசத் தரம் ஒன்று உண்டு, 12.10 என்ற இலக்கத்தில். முக்கியமான விஷயம், இந்த வேலைக்கு வருகிறவன் ஆயுதத்தைப் பற்றிப் படிப்பதைவிட ஆட்களைப் பற்றித்தான் கூடப் படிக்கிறான்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு அது விளங்கவில்லை. படங்களை அடுக்கினேன். சப்பாத்துப் பொலிஷ் பேணியைவிடக் கொஞ்சம் தடிப்பான பிளாஸ்டிக் மிதிவெடி இது, மரப்பெட்டிக்குள் செய்த ஜொனி மிதிவெடி இது, உக்கினால் பெட்டி என்றே அடையாளம் தெரியாது, செல் இது, கைக்குண்டு இது என்று ஒப்புவித்தேன். முன்னால் இருந்த அம்மா ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பிள்ளை, இதெல்லாம் எனக்கு உன்னைவிட நல்லாத் தெரியும். சிவப்புப் பலகை எங்க நிக்குதெண்டும் தெரியும். விறகுக்கு எங்க போறது, அதைச் சொல்லு.”

என்னிடம் பதில் இல்லை. அடுத்த முறை போகும்போது கிராம சேவகரிடமும் அகற்றும் குழுவிடமும் கேட்டு, எந்தப் பக்கம் துப்புரவாக்கிக் கையளித்தாயிற்று, விறகுக்கு எந்தப் பாதை சரி என்று தெரிந்துகொண்டு போனேன். அன்றைக்குத்தான் அது ஒரு கூட்டம் என்று சொல்லக்கூடியதாக இருந்தது. பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகள் காட்டுக்குள் இறங்குவார்கள். பழைய இரும்புக்கு விலை ஏறினால் பெரியவர்கள் இறங்குவார்கள். தெரியாமல் போகிறவர்கள் குறைவு, தேவைக்குப் போகிறவர்கள்தான் கூட. துவக்குக்கும் இதே கதைதான் என்று பிறகு கண்டேன்.

குறை என்ன? இந்த வேலை முடியவேண்டிய வேலை. மிதிவெடியைத் தடைசெய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பர் 13 இல் சேர்ந்தது, 2018 ஜூன் 1 இல் அது நடைமுறைக்கு வந்தது. நிலத்தைத் துப்புரவாக்க உடன்படிக்கை கொடுத்த பத்து வருடக் கெடு 2028 ஜூன் 1. கெடு எப்படிப் போனாலும் கொடையாளர்களுடைய காசு வருடத்துக்கு வருடம் ஒரே மாதிரி வராது. நான் நின்ற குழுவே திட்டம் முடிந்ததென்று ஒரு மாத அறிவித்தலில் கலைந்தது. ஆகவே இதை நம்பி வீட்டுக்கடன் எடுக்காதே என்றேன். மற்றது, ஆள் எடுக்கும்போது முகமாலைப் பக்கம் வெயிலில் முழந்தாளில் இருந்து அகற்றுகிற வேலைக்குத்தான் கூட எடுப்பார்கள். கல்விக் குழுவுக்கு இடம் குறைவு. அகற்றுகிறவராகச் சேர்ந்து, ஒரு வருடம் கழித்து அந்தப் பக்கம் மாறினவர்களும் இருக்கிறார்கள். அந்த ஒரு வருடம் வீணில்லை. கயிறு கட்டிய ஒழுங்கைக்குள் ஒரு அடி பிசகாமல் நிற்கப் பழகினவனுக்கு ஒழுங்கு என்றால் என்னவென்று ஆரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

கமக்காரரின் துவக்கு

தம்பி உண்மையில் கேட்டது இதைத்தான்.

கச்சான், உழுந்து, நெல் எது போட்டாலும் வன்னியில் ஒரு பங்கு பன்றிக்கு. குரங்கும் மயிலும் யானையும் தங்கள் பங்குக்கு வரும். பயிர்க் காவலுக்கென்று அனுமதியோடு சொட்கன் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலும் குழலை முறித்துத் திறக்கிற 12 போர். அனுமதி விஷயங்கள் மாவட்டச் செயலகம், பொலிஸ் என்று போகும். அனுமதி இல்லாமல் ஊரில் செய்கிற இடியன் துவக்கும், பாதையில் கம்பி இழுத்துக் கட்டி வைக்கிற கட்டுத்துவக்கும் வேறு கணக்கு.

இங்கே பாடம் என்று பார்த்தால் உலகம் முழுக்க ஒன்றுதான். எந்தத் துவக்கையும் தோட்டா இருக்கிறதாகவே நினை. குழல்வாய் ஆளைப் பார்க்க விடாதே. சுடத் தீர்மானிக்கும்வரை விரல் விசைக்கு வெளியே. குறியையும் குறிக்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். நாலு வரி. ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம், சொன்னதால் ஒன்றும் மாறாது. ஊரில் துவக்கைப் பிடிக்கிற விதத்துக்குள் அந்த நாலு வரியைக் கொண்டுபோய் வைப்பதுதான் வேலை.

ஒரு உதாரணம். இராக்காவலுக்குப் போகிறவர்களில் பலர் டோர்ச்சைக் குழலோடு சேர்த்து ரியூப்பால் கட்டிவிடுவார்கள். இரண்டு கையும் துவக்கில் இருக்கும், வெளிச்சமும் நேராகப் போகும், வசதி. ஆனால் அப்படிக் கட்டினால் எதைப் பார்க்க வேண்டுமென்றாலும் துவக்கை அதன்மேல் நீட்டித்தான் பார்க்க வேண்டும். வரம்பில் வருவது பக்கத்துக் காணிக்காரரா, அவிழ்த்துக்கொண்ட மாடா, காவலுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற மகனா என்று பார்க்கிற அந்த விநாடியில் அவர்கள் நிற்பது குழல்வாய்க்கு நேரே. “பன்றி எண்டு நினைச்சுச் சுட்டன்” என்ற வாக்குமூலம் பல நேரம் இப்படித்தான் பிறக்கிறது. டோர்ச்சை நெற்றியில் கட்டு, கண் மின்னினால் சுடாதே, முழு உடம்பையும் காணும்வரை பொறு என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். கட்டிய டோர்ச்சோடு ஒருவரை எழுப்பி, “அந்த மூலையில் இருக்கிற ஐயாவின் சட்டை என்ன நிறம், பார்த்துச் சொல்லுங்கோ” என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். துவக்கு வேண்டாம், ஒரு தடியில் டோர்ச்சைக் கட்டிச் செய்தாலே போதும்.

இன்னொரு நாள். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கமக்காரர் அமைப்புக் கூட்டம். “பொம்பிளைப் பிள்ளை துவக்குப் படிப்பிக்க வந்திருக்கு” என்று பின்னால் ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. துவக்கைக் கொண்டுவர வேண்டாம் என்று நான் சொன்னதையும் பொருட்படுத்தாமல் ஒரு ஐயா தன்னுடையதைக் கொண்டு வந்திருந்தார். “வெறும் துவக்கு பிள்ளை” என்று என்னிடம் நீட்டினார், குழல் என் வயிற்றுக்கு நேரே. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அனுமதிப்பத்திரம் அவர் பெயரில், தொட வேண்டிய கை அவருடையது. “ஐயா, அந்த வேலிப் பக்கம் திரும்புங்கோ, குழல் நிலத்தைப் பார்க்கட்டும், இப்ப திறவுங்கோ” என்றேன். திறந்தார். உள்ளே போன பெரும்போகத்துத் தோட்டா ஒன்று. ஈரத்தில் ஊதி, இழுத்தாலும் வரவில்லை. தட்டி எடுக்கப் போனவரைத் தடுத்து, திறந்தபடியே வைத்துக்கொண்டு லைசன் உள்ள துவக்குத் திருத்துகிறவரிடம் கொண்டுபோகச் சொன்னேன். அவர் பொய் சொல்லவில்லை. வெறும் துவக்கு என்றுதான் நம்பியிருந்தார், எட்டு மாதம் கூரை வளையில் அது அப்படியே இருந்திருக்கிறது, கீழே பேரப்பிள்ளை படுத்திருக்கிறது. அன்றைக்கு நாலு வரியில் முதல் வரியை நான் சொல்லத் தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து என் வகுப்பு கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான். இந்த வழியில் வரப்போகிற ஆருக்கும் முதல் விதி இதுதான் என்பேன். மற்றவர் பெயரில் அனுமதி உள்ள துவக்கைக் கையில் வாங்கிச் செய்து காட்டுகிற பழக்கம் சட்டத்துக்கும் கூடாது, பாடத்துக்கும் கூடாது.

வேறு சொல்ல வேண்டியவை நிறைய. வரம்பில் தடுக்கி விழுந்தால் குழல்வாயில் சேறு ஏறும், பார்க்காமல் சுட்டால் குழலே கிழியும். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டாவை உடனே திறந்து பார்க்காமல் குழலை ஆளில்லாப் பக்கம் பிடித்தபடி ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். வேலி கடக்கும்போதும் மோட்டார் சைக்கிளில் ஏறும்போதும் திறந்து தோட்டாவை எடுத்துவிட வேண்டும். துவக்கு ஒரு பூட்டில், தோட்டா இன்னொரு பூட்டில். யானையை விரட்ட எறிகிற யானை வெடியைப் பற்றியும் கேட்பார்கள், அதையும் சொல்ல வேண்டிவரும்: கொளுத்தினால் உடனே எறி, கிட்ட வரட்டும் என்று கையில் வைத்திருந்து விரல் போனவர்கள் உண்டு.

கட்டுத்துவக்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் நான் பாதுகாப்பு முறை என்று ஒன்றும் சொல்வதில்லை. பன்றி வருகிற பாதையில் பன்றியின் உயரத்துக்குக் கட்டுகிறார்கள், அது மனிசருக்கு முழங்கால் உயரம். கம்பியில் கால்பட்ட ஆளின் காலைத்தான் அது எடுக்கும். கட்டினவரே மறந்துபோய் விடிய அந்த வழியால் போனதும் நடந்திருக்கிறது. ஆளே பிடிக்காத துவக்குக்கு நாலு வரியில் ஒரு வரியும் பொருந்தாது. கட்டாதே என்பதுதான் பாடம். மிதிவெடியைப் பற்றிப் பேசினவள் இதைச் சொன்னால் கேட்கிறார்கள், அது லாபம். “இதுவும் நாங்களே புதைக்கிற மிதிவெடிதானே” என்று நெடுங்கேணியில் ஒருவர் சொன்னதை நான் இப்போது எல்லா இடமும் என் வசனம்போலச் சொல்கிறேன்.

இந்த வழியின் குறை காசு. ஒருவரும் தரமாட்டார்கள். வாழைக்குலை தருவார்கள், தேன் தருவார்கள். கமநல சேவை நிலையத்தின் ஊடாகக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் கிடைக்கும், பெட்ரோல் உங்கள் செலவு. பொலிஸ் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்காமல் துவக்கைப் பற்றி நாலு பேரைக் கூட்டாதீர்கள். வன்னியில் அந்தக் கூட்டத்துக்கு வேறு பெயர் வைக்க ஆட்கள் இருக்கிறார்கள். பயிற்சிக்கு ஒரு பொலிஸ் அதிகாரியையும் பேசக் கூப்பிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீரும்.

ஒரு பிழை நான் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நிஜத் துவக்கு வேண்டாம் என்பதற்காகத் தச்சரிடம் சொல்லி மரத்தில் ஒன்று செய்வித்தேன். வடிவாகச் செய்து தந்தார், குழல் முறிந்து திறக்கும். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் அதை வெளியே எடுத்தபோது அங்கே இருந்த அம்மா எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஆரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் பிறகுதான் உறைத்தது, மரத்துவக்கை இந்த ஊரில் கடைசியாகப் பார்த்தது எப்போது, ஆருடைய தோளில் என்று. அதை விறகாக்கிவிட்டேன். இப்போது ஒரு துண்டு பிவிசி குழாயும், வெறும் பிளாஸ்டிக் தோட்டாக் கோதின் படமும் போதும்.

மற்ற இரண்டு

விளையாட்டுச் சூடு: துவக்குப் பாதுகாப்பை ஒரு கலையாகவே படிக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் இல்லை. தேசியக் குறிபார்த்துச் சுடுதல் சம்மேளனம் உண்டு, சர்வதேச அமைப்பின் கீழ் நடுவர், பயிற்றுநர் சான்றிதழ்கள் உண்டு. பத்து மீற்றர் வாயுத் துப்பாக்கியில் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர். அந்த நுணுக்கம் பாதுகாப்பிலும் இருக்கிறது. சுடாத நேரத்தில் குழலுக்குள் நிறக்கொடி செருகியிருக்க வேண்டும், கட்டளை இல்லாமல் ஏற்றக்கூடாது, நிறுத்து என்றால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். நிறக்கொடி யோசனையை நான் கமக்காரருக்கும் சொல்கிறேன், திறந்த குழலுக்குள் சிவப்பு நைலோன் கயிறு ஒன்றை விட்டு வைத்தால் தூரத்தில் இருந்தே வெறும் துவக்கென்று தெரியும். ஆனால் சூட்டுத்தளமும் கழகமும் வன்னியில் இருந்து எட்டத்தில். இரவு பஸ், தங்குமிடம், தோட்டாச் செலவு எல்லாம் சேர்த்தால் தம்பியின் ஒரு போக விளைச்சல் போய்விடும். வசதியுள்ளவனுக்குச் சொல்வேன், இவனுக்குச் சொல்லவில்லை.

தனியார் காவல் நிறுவனங்கள்: 1998 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்து நடப்பவை. வங்கி வாசலில் சொட்கனோடு நிற்கிறவரைப் பயிற்றுகிறவர் இங்கே அநேகமாக ஓய்வுபெற்ற படை அல்லது பொலிஸ் ஆள். பின்னணி இல்லாமல் போகிற தமிழ்ப் பெடியனுக்கு வாசலில் நிற்கிற இடம் கிடைக்கும், படிப்பிக்கிற இடம் கிடைக்க வருடங்கள் போகும். அதோடு ஆயுத அனுமதி என்பது அமைச்சின் கையில் இருக்கிற சங்கதி. தற்பாதுகாப்புக்கென்று தனியாருக்குக் கொடுத்த துவக்குகளை 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு திருப்பி ஒப்படைக்கச் சொன்னதைப் பார்த்தோம்தானே. மாதச் சம்பளம் வரும், அது மட்டும் இதில் நல்லது.

மிதிவெடி, துவக்கு: ஒரே ஆள் இரண்டையும் படிப்பிக்கலாமா?

தம்பியிடம் நான் ஆக நேரம் செலவழித்துப் பேசியது இதைத்தான். ஒப்பிட்டுப் பார்த்தால் தெரிவு லேசு: சம்பளமும் பயிற்சியும் மிதிவெடிப் பக்கம், தேவை துவக்குப் பக்கம். முதலில் அதைச் செய்து, பிறகு இதற்கு வா என்பதுதான் என் முடிவும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது.

மிதிவெடிக் கல்வியின் பாடம்: தொடாதே, கிட்டப் போகாதே, வந்த வழியே திரும்பு, பெரியவருக்குச் சொல். துவக்குப் பாடம்: இப்படிப் பிடி, இப்படித் திற, இப்படிப் பார். ஒன்று கையை விலக்கச் சொல்கிறது, மற்றது கையை வைக்கச் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் காலையில் முதலாவதைச் சொன்ன அதே அக்கா, பின்னேரம் பொதுநோக்கு மண்டபத்தில் இரண்டாவதைச் சொன்னால் யன்னலால் எட்டிப் பார்க்கிற பத்து வயதுப் பெடியன் என்னத்தை எடுத்துக்கொள்வான்? முறை தெரிந்தால் தொடலாம் என்றுதான். அப்படி ஒரு பெடியனை நான் கண்டேன். செல் கோதொன்றைக் காட்டி, “அக்கா, இதைத் திறந்து பார்க்கிற முறை என்ன?” என்று கேட்டான். நல்ல காலம், கேட்டுவிட்டுத்தான் நின்றான். ஒரு நிமிடம் எனக்கு வாய் வரவில்லை. அவனைக் கையில் பிடித்துக்கொண்டு பின்வாங்கி, 119 க்கு எடுத்துச் சொன்னோம்.

ஆகவே துவக்குக் கூட்டத்தில் அனுமதிப்பத்திரம் உள்ளவர்களும் வீட்டில் அவரோடு இருக்கிற பெரியவர்களும் மட்டும். பிள்ளைகள் இருந்தால் அன்றைக்குப் பாடம் ஒன்றே ஒன்று: கண்டால் தொடாதே. அது மிதிவெடியோ, செல்லோ, அப்பப்பாவின் துவக்கோ. ஒரே ஊரில் இரண்டையும் ஒரே கிழமையில் வைக்காதே. முடிந்தால் ஒன்றுக்கு நீ போ, மற்றதுக்கு வேறு ஆள் போகட்டும்.

அவன் இப்போதைக்கு எடுத்த முடிவு இது. செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சி முதலில், இரத்தம் ஓடுகிற காலை இறுக்கிக் கட்டத் தெரியாதவன் இந்த நாலு வழியில் எதிலும் வாய் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு மிதிவெடி அமைப்புகளுக்கு விண்ணப்பம், அகற்றுகிற வேலை கிடைத்தாலும் போவான். இடையில் விதைப்புக்கு முந்தின கமக்காரர் கூட்டம் வருகிறது. தகப்பன் தன்னுடைய துவக்கைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்னால் திறந்து காட்ட ஒத்துக்கொண்டிருக்கிறார், பொலிஸுக்குக் கடிதமும் கொடுத்தாயிற்று. தம்பி பக்கத்தில் நின்று சொல்லுவான். கையை எங்கே வைப்பது என்று நேற்றும் போனில் கேட்டான். பின்னால் கட்டு என்றேன்.